கிளச்சுக்கு வாங்கிய எண்ணெய்

தோழிகளே, நமக்குள் கைமாறும் இந்தக் கொப்பியை வாசித்ததும் ஒளித்துவையுங்கள்.

அண்ணா இன்று தன் மோட்டார்சைக்கிளின் கிளச்சுக்கு மெல்லிய எண்ணெய் வாங்கிவரச் சொன்னார்.

கடைக்கார நானா கேட்டார்: "எஞ்சினுக்கா, கிளச்சுக்கா தங்கச்சி?"

மறந்துவிட்டேன் என்று சொல்ல வெட்கம். "எஞ்சினுக்கு" என்றேன். தடித்த எண்ணெய் தந்தார்.

அண்ணா அதைக் கிளச்சுக்கு ஊற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தார். கிளச்சைப் பிடித்தும் வண்டி இழுத்துக்கொண்டே போனது. டிராமில் மோதாமல் ஒரு முழத்தில் தப்பினார். அண்ணா கேட்டது கிளச்சுக்கு என்று அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

"நான்தான் கேபிளைப் பிழையாப் பூட்டிப்போட்டன்" என்று அண்ணா கேபிளை மூன்று தரம் திருத்தினார். "இப்ப சரி. விடிய அப்பாவை ஏத்திக்கொண்டு துறைமுகத்துக்குப் போறன்."

எல்லாரும் தூங்குகிறார்கள். இதை எழுதி முடித்ததும் அண்ணாவை எழுப்பிச் சொல்லப்போகிறேன்.

அடி குறைய வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். நான் அதை வாசிப்பதற்குள் அடியெல்லாம் விழுந்து முடிந்திருக்கும்.