நாட்குறிப்பில் விட்ட இரண்டு வரி

ஊரே இன்ஸ்பெக்டரம்மா என்று கூப்பிட்டவளுக்கு, போலீஸில் சேர்ந்த புதிதில் தொப்பி காதுவரை இறங்கும். தையல்காரரான வீட்டுக்காரர்தான் உள்ளே துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். வாசலில் காவல் நின்றாள், பிறகு ரைட்டராக உட்கார்ந்து ஸ்டேஷன் நாட்குறிப்பு எழுதினாள், இருபத்திரண்டு வருஷத்தில் அதே ஸ்டேஷனுக்குத் தலைவியானாள். யார் காலையும் பிடித்து வரவில்லை.

ரைட்டராக இருந்தபோது ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். மணிக்கு மணி எழுதும்போது நடுவில் இரண்டு வரி வெறுமனே விட்டுவிடுவாள். வேலை மும்முரத்தில் விட்டுப்போனதை அப்புறம் எழுதிக்கொள்ளலாமே என்றுதான். கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் தப்பு தப்புதான். பின்னால் வந்த ரைட்டர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அன்று அவள் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போயிருந்தாள். மதியம் திரும்பினால் ஸ்டேஷன் வாசலில் இருநூறு பேர். ஜீப் கண்ணாடியில் ஒரு கல் வந்து விழுந்தது. அவள் உள்ளே வந்ததும் ஏட்டு கதவைத் தாழிட்டார்.

"என்னய்யா நடந்தது? மென்னு முழுங்காம சொல்லு."

"காலையில மார்க்கெட்ல அடிதடி மேடம். மூட்டை தூக்குற ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தோம். பதினோரு மணிக்கு நெஞ்சு வலிக்குதுன்னார். உடனே ஆஸ்பத்திரியில சேர்த்துட்டோம்."

"அதுக்கு எதுக்கு இவ்வளவு கூட்டம்?"

ஏட்டு ரைட்டரைக் கை காட்டினார். மதிய முறைக்கு வந்த அந்த ரைட்டர் சொன்னார். காலை ரைட்டர் வழக்கம்போல இடம் விட்டுவிட்டு, எழுதாமலே வேலை மாறிப் போய்விட்டார். பன்னிரண்டு மணிக்கு அந்த ஆளின் மனைவி வந்து கேட்டாள். புதிதாக உட்கார்ந்த இவர் நாட்குறிப்பைப் பார்த்தார். பேர் இல்லை. "அப்படி யாரும் இங்க வரலைம்மா" என்று சொல்லிவிட்டார். பிடித்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்த மார்க்கெட் சும்மா இருக்குமா? அடித்துக் கொன்று மறைத்துவிட்டார்கள் என்று பேச்சு பற்றிக்கொண்டது.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். "உயிர் இருக்கு. வேற எதுவும் இப்ப சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

ரைட்டர் பேனாவை நீட்டினார். "இடம் இருக்கு மேடம். நடந்ததைத்தானே எழுதப் போறோம்?"

மேலதிகாரியும் போனில் அதையே சொன்னார். "எழுதிட்டு வெளியே போம்மா. அந்த ஆளுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அந்த வெத்து வரி உன் வேலையைத்தான் கேக்கும்."

பேனாவை வாங்கினாள். எழுதிவிட்டால், 'வரலைன்னு சொன்னாங்க' என்று வாசலில் நிற்கும் அந்த மனைவி சொல்வது பொய்யாகிவிடும். பேனாவை மூடி வைத்தாள்.

"வெளியே போனா கிழிச்சுடுவாங்க மேடம்" என்றார் ஏட்டு.

"கிழிஞ்சா தைக்க வீட்ல ஆள் இருக்கு. கதவைத் திறய்யா."

தடியை மேஜையிலேயே போட்டுவிட்டு, நாட்குறிப்போடு இறங்கினாள்.

"தொப்பியைக் கழட்டு!" என்று ஒருவன் கத்தினான். "பொணத்தை எங்க வச்சிருக்கீங்க?" என்றான் இன்னொருவன். அவள் நேரே அந்த மனைவியிடம் போனாள்.

"அவர் இங்க வந்தார்மா. நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. உயிரோட இருக்கார். எங்க ஆளு எழுதாம விட்டுட்டான். இதோ, வெறும் வரி. இப்படி விடற பழக்கத்தைக் கொண்டுவந்தவளே நான்தான்."

"எனக்கு ஏன் புஸ்தகத்தைக் காட்டறே?" என்று அவள் சீறினாள். "ஒரு மணி நேரமா அவர் செத்துட்டார்னு நின்னுட்டிருக்கேன். கூட்டிட்டுப் போ."

கூட்டம் வழி விட்டது. நல்ல மனதோடு இல்லை, ஒருவன் துப்பினான். ஜீப்பில் அந்தப் பெண் இன்ஸ்பெக்டரம்மாவின் மணிக்கட்டை விடவே இல்லை, வளையல் பதிய இறுக்கினாள்.

பின்னாளில் இதற்காக மெமோ வந்தது, பதவி உயர்வு அத்தோடு நின்றது. அசட்டுத்தனம் என்று துறையில் சொன்னார்கள். சொல்லட்டும். சரியானதைத்தான் செய்தாள்.

அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழாய்களுக்கு நடுவே கண் திறந்த மனிதர் மனைவியைப் பார்த்தார். அவள் அழவில்லை. திரும்பி இன்ஸ்பெக்டரம்மாவிடம் சொன்னாள்: "இவர் மூச்சு சீராகிற வரைக்கும் நீ எங்கேயும் போகக் கூடாது."

பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, மேலதிகாரிதான். எடுக்காமல், சுவரோரம் போய் நின்றாள்.