கொத்தனாரம்மாவின் நான்கு காகிதக் கப்புகள்

அந்தக் குடியிருப்பின் மொட்டை மாடியில் எட்டுச் செங்கல் பாத்திகள். எட்டையும் கட்டியவள் கொத்தனாரம்மா. பதினோரு வருடம் தலையில் கலவை சுமந்துவிட்டு ஒரு நாள் கொத்துக்கரண்டியைக் கையில் எடுத்தபோது, "பொம்பளை கட்டின சுவர் நிக்குமா?" என்று கேட்டவர்கள் உண்டு. சுவர்கள் நின்றன. கேட்டவர்களில் இருவர் இப்போது அவள் கட்டிய சுவர்களுக்குள்தான் குறட்டை விடுகிறார்கள். கேலிக்கு வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அவளுக்கும் அது பிடித்துப்போயிற்று.

ஊருக்கெல்லாம் வீடு கட்டியவளுக்குச் சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது. அதனால்தான் எட்டாவது பாத்தியின் மேல் அப்படியொரு ஆசை. மற்ற ஏழு பாத்திகளையும் மேல்தளத்து வீட்டார் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். கீழே ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவளுக்கு மட்டும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பரீட்சை வைத்தார்: மாதக் கடைசிக்குள் விதை போட்டு இருபது தக்காளி நாற்று வளர்த்துக் காட்ட வேண்டும், முடியாவிட்டால் பாத்தி அவருடைய மைத்துனருக்கு. மைத்துனருக்குப் பரீட்சை கிடையாது. மைத்துனர் என்பதே தேர்ச்சி.

கொத்தனாரம்மா வேலையில் இறங்கினாள். மண்ணைச் சலித்தாள், தட்டில் நிரப்பினாள், விதைகளை ஒரு விரல் ஆழத்துக்கு அழுத்தினாள், மட்டப்பலகையால் நாலு தட்டுத் தட்டி வழவழவென்று ஆக்கினாள். புதுச் சிமெண்டுப் பூச்சுக்கு விடுவதுபோலக் காலையும் மாலையும் வாளியால் தண்ணீர் ஊற்றினாள். பன்னிரண்டு நாளில் பச்சையாக ஒன்று தெரிந்தது. பாசி.

செயலாளர் எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார். "நான் அப்பவே நினைச்சேன்மா. இதுக்கெல்லாம் கைராசி வேணும். எங்க வீட்டு மணிப்பிளாண்டைப் பாரு, எப்படிப் படர்ந்திருக்கு!"

மணிப்பிளாண்டை வெறும் தண்ணீர்ப் பாட்டிலில் சொருகினாலும் படரும். ஆனால் 'கைராசி' என்ற சொல் முள்ளாகத் தைத்தது. இத்தனை வருடம் சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டை நம்பி வாழ்ந்த கை இது. சுவர் விரிசல் விட்டால் அவள் ராசி பார்த்ததில்லை, உடைத்துப் பார்த்திருக்கிறாள். இப்போதும் அதையே செய்தாள். மண்ணைக் கரண்டியால் பெயர்த்தபோது ஓடு மாதிரி வந்தது. அடியில் வெள்ளை நூலாக ஒரு முளை, மேலே முட்டி முட்டி, வழி இல்லாமல் திரும்பிக் கீழேயே சுருண்டு அழுகிக் கிடந்தது.

"ஏங்க, இங்க வாங்களேன்!" என்று புருஷனைக் கூப்பிட்டாள். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். "நான் விதை போடலைங்க. தளம் போட்டிருக்கேன்!"

"அதானே, தொழில் சுத்தம்," என்றார் அவர். "மேல டைல்ஸ் ஒட்டுறதுதான் பாக்கி."

மறுநாள் வேலையிடத்திலிருந்து நான்கு காகித டீ கப்புகள் வந்தன. ஆணியால் எல்லாவற்றுக்கும் அடியில் ஓட்டை போட்டாள். இரண்டில் மண்ணோடு மணல் கலந்து பொலபொலவென்று நிரப்பினாள். மற்ற இரண்டிலும் பழையபடி இறுக்கினாள். நேராகச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"சார், உங்க கையால ரெண்டு கப்புல விதை போடுங்க. நான் ரெண்டுல போடுறேன். ஆளுக்கு ஒண்ணு இளகின மண்ணு, ஒண்ணு இறுகின மண்ணு."

புகழ்ச்சி என்று நினைத்து அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். கப்புக்கு மூன்று விதை. இளகிய மண்ணில் விதையின் பருமனைப் போல இரண்டு பங்கு ஆழம், மேலே ஒரு சிட்டிகை மண், விரலால் தெளித்த தண்ணீர், அவ்வளவுதான். இறுகிய மண்ணில் ஒரு விரல் ஆழம், கவிழ்த்து ஊற்றிய தண்ணீர். நான்கும் ஒரே ஜன்னலில். முடிவுக்காகக் காத்திருக்க நேரமில்லை. இன்னும் பதினெட்டே நாள். மிச்ச விதைகளை அன்றே ஓட்டை போட்ட தட்டில், இளகிய மண்ணில் தூவிவிட்டாள்.

ஆறாம் நாள் காலை. இளகிய மண் கப்பொன்றில் குனிந்த கழுத்தோடு ஒரு பச்சை, தலையில் விதைத்தோலைத் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு வெளியே நின்றது. பக்கத்தில் இன்னொன்று. தட்டிலோ கண் வைத்த இடமெல்லாம்! கொத்தனாரம்மா போட்ட கூச்சலில் புருஷன் பாதிச் சவரத்தோடு ஓடி வந்தார்.

கப்புகளோடு மாடிப்படியிலேயே செயலாளரை மடக்கினாள். இளகிய மண்ணில் அவருக்கு இரண்டு, அவளுக்கு மூன்று. இறுகிய மண்ணில் இருவருக்கும் பூஜ்யம்.

"பாருங்க சார். கெட்டி மண்ணுல உங்க ராசியும் முளைக்கலையே."

செயலாளர் கண்ணாடியைத் துடைத்தார். "அது… அன்னிக்கு எனக்குக் கொஞ்சம் ஜலதோஷம்."

"ராசிக்குமா சார் சளி பிடிக்கும்?" என்றாள், இரவுப் பணி முடிந்து ஏறி வந்த இரண்டாம் மாடி நர்ஸ். படிக்கட்டே சிரித்தது.

முளைத்தவை வெளிச்சம் தேடி ஒல்லியாக நீளத் தொடங்கியதும் தட்டை வெயிலுக்கு மாற்றினாள். கடைசி நாளன்று ரம்பப் பல் விளிம்புள்ள புது இலைகளோடு இருபத்து மூன்று நின்றன. செயலாளர் இரண்டு முறை எண்ணினார். இரண்டாம் முறையும் குறையவில்லை. "ஏன் அத்தான், எனக்கு எதுக்குப் பாத்தி? நான் கேக்கவே இல்லையே," என்று மைத்துனரும் கைவிரித்துவிட்டார்.

சாயங்காலம் அவள் தன் பாத்தியில் முழங்கை வரை மண்ணோடு இருந்தாள். இத்தனை காலம் கட்டியதெல்லாம் அடுத்தவருக்கு. இது மட்டும் தனக்கு. நினைக்க நினைக்கச் சிரிப்பாக வந்தது. பின்னால் கனைப்புக் கேட்டது. செயலாளர், தன் கப்பை இரண்டு கைகளாலும் பிடித்தபடி நின்றார்.

"எங்க ஏழாவது பாத்தியில மண்ணு ரொம்பக் கெட்டியா இருக்கு. இது ரெண்டையும்…"

"கொண்டாங்க சார், ஓரத்துல இடம் இருக்கு," என்றாள். "ஆனா குழி நான்தான் தோண்டுவேன். உங்களுக்குத்தான் ஜலதோஷம் ஆச்சே."