கலைச்செல்வி அடித்த கல்யாணப் பேனர்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் இருக்கும் பேனர் கடையின் கம்ப்யூட்டரில் ‘உடம்பு’ என்றொரு ஃபோல்டர் உண்டு. கோட்டு சூட்டு போட்ட உடம்பு, பட்டுப்புடவை கட்டிய உடம்பு, வாள் பிடித்த உடம்பு என்று நானூறு கிடக்கும். எல்லாமே கழுத்துக்கு மேலே காலி. போட்டோவிலிருந்து தலையை வெட்டி ஒட்டிவிட்டால், நேற்றுவரை வேர்க்கடலை பிடுங்கிய ஆள் இன்று ராஜகிரிக் கோட்டை முன்னால் கோட்டு சூட்டோடு நிற்பார். வருகிறவர்களுக்கும் அதுதான் வேண்டும்.

பதினோரு வருஷமாக அந்த வேலையைச் செய்பவள் வல்லத்துக் கலைச்செல்வி. பிறவியிலேயே அவளுக்கு இடது கை முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடையோடு நின்றுவிட்டது. அந்த முனையால் கீபோர்டை அழுத்திக்கொண்டு வலது கையால் மௌஸை ஓட்டுவாள். அவள் வேகத்துக்கு இரண்டு கைக்காரர்கள் பக்கத்தில் வர முடியாது. வழுக்கைக்கு முடி வைத்திருக்கிறாள், மாறுகண்ணை நேராக்கியிருக்கிறாள், செத்துப்போனவரைப் பேத்தி கல்யாணத்தில் நிற்க வைத்திருக்கிறாள்.

இப்போது அவளுக்கே கல்யாணம். மாப்பிள்ளை வெற்றிவேல் மினிபஸ் டிரைவர். அவனுக்கு அவள் கை ஒரு பொருட்டே இல்லை. அவன் அம்மா கமலாம்பாளுக்கு அப்படி இல்லை. ஒரு மத்தியானம் கடைக்கே வந்து உட்கார்ந்தாள்.

“மண்டப வாசல்ல வெக்கிற பேனர்ல அந்தக் கைய முழுசா வெச்சிடும்மா. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னுவாங்க. இது ஒரு பொய்தான?”

“வேணாம் அத்த.”

“ஊருக்கெல்லாம் பண்ணிக் குடுக்கற. உனக்குப் பண்ணிக்கறதுக்கு இன்னா?”

கேள்வி நியாயமாக இருந்ததால்தான் கலைச்செல்விக்குச் சுட்டது.

கமலாம்பாள் போனதும் ஃபோல்டரைத் திறந்தாள். பட்டுப்புடவை உடம்பு ஒன்றிலிருந்து கையை எடுத்து, தன் நிறத்துக்குக் கொண்டுவந்து, தன் போட்டோவில் முழங்கையில் பொருத்தினாள். இருபது நிமிஷ வேலை. ஒட்டியது தெரியவே இல்லை. பொய் சொல்வானேன், கொஞ்ச நேரம் ஆசையாகத்தான் பார்த்தாள். பிறகு கோபம் வந்தது. கமலாம்பாள் மேல் இல்லை, அந்தக் கை மேல். ஒரு நாள் வேலை செய்ததில்லை, ஒரு பொத்தானை அழுத்தியதில்லை. கல்யாணத்துக்கு மட்டும் வந்து நிற்குமாம்.

அழித்தாள். தன் குட்டைக் கையைப் படத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து பெரிதாக்கினாள். முனையில் மருதாணி நிறத்தில் தாமரை வரைந்தாள். அதற்கு மேல் முழங்கை வரைக்கும் நெருக்கி நெருக்கிக் கண்ணாடி வளையல் ஏற்றினாள். இப்படி ஓர் உடம்பு எந்த ஃபோல்டரிலும் கிடையாது.

வெற்றிவேலின் போனுக்கு அனுப்பி, கூடவே குரலையும் பதிவு செய்து அனுப்பினாள். “இதான் பேனர். இது வேணாம்னா கல்யாணமும் வேணாம். அத்தகிட்டயும் காட்டிடு.” சொல்லிவிட்டாளே தவிர, பதில் வந்துவிட்டதா என்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெற்றிவேலை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

மறுநாள் காலையில் கமலாம்பாள் வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

“புள்ள காட்னான். ஊர் வாய மூட உலமூடி ஏது, பேசறவங்க பேசத்தான் போறாங்க.”

“மாத்த மாட்டேன் அத்த.”

“உன்ன யாரு மாத்தச் சொன்னது? அந்தக் கைக்கு இத்தினி வளையல் போட்டுட்ட. பொண்ணுக்கு வளையல் நாங்கதான எடுக்கணும். படத்துல இருந்து கையில இல்லன்னா என் மானந்தான் போவும்.” கைப்பையிலிருந்து நூல்கண்டை எடுத்தாள். “அந்த அளவு கடையில கெடைக்காது, சொல்லித்தான் செய்யணும். கைய நீட்டு.”

கலைச்செல்வி பழக்கத்தில் வலது கையை நீட்டினாள்.

“அது இல்லம்மா” என்ற கமலாம்பாள், இடது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு நூலைச் சுற்றினாள்.