பிடுங்கத் தெரியாத டாக்டர்

வடிவம்மாளிடம் ஒரு பொருளை விற்பதென்றால் தூத்துக்குடி மார்க்கெட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் கிலிதான். கத்தரிக்காயைக் காம்போடு திருப்பிப் பார்ப்பாள். கருவாட்டை முகர்ந்து பார்ப்பாள். தேங்காயைக் காதருகே ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்து, நாலு கடை சுற்றிவிட்டு வந்து அதே தேங்காயைக் கேட்பாள். புருஷன் பால்துரைக்கு உடன்குடிக் கருப்பட்டி வியாபாரம். சரக்கு வந்து இறங்கினால் அவள்தான் ஒரு ஓரத்தைக் கடித்துப் பார்த்து, "மண்ணு நறநறங்குது, திருப்பி அனுப்புங்க" என்பாள். பால்துரையும் மறுபேச்சுப் பேசாமல் அனுப்பிவிடுவார்.

அப்படிப்பட்டவளே ஒரு விஷயத்தில் ஏமாந்து போனாள். அது மூத்தவள் செல்லத்தாயின் பல் விஷயம்.

செல்லத்தாய்க்கு அப்போது ஏழு வயசு. கீழ்வரிசையில் கடைசிப் பல் சொத்தை விழுந்து கன்னம் வீங்கிவிட்டது. பல் என்றால் ஊருக்கு ஒரே ஆள்தான், மார்க்கெட் வாசலில் குந்தியிருக்கும் சிவனாண்டி. பக்கத்தில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி நிறையப் பிடுங்கிய பல்லாக வைத்திருப்பான். கொழும்புக்குத் தோணி ஏறுகிறவர்கள் நடுக்கடலில் பல்வலி வந்தால் யாரிடம் போவது என்று பயந்து, ஆடுகிற பல்லையும் ஆடாத பல்லையும் அவனிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். நல்ல கைராசிக்காரன், பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலையை முடித்துவிடுவான். வடிவம்மாள் சும்மா போய்விடவில்லை. வெயிலில் நின்று, அவன் நாலைந்து பேருக்குப் பிடுங்குவதைப் பார்த்தாள். ஒருத்தனும் கத்தவில்லை. அதற்கப்புறம்தான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள்.

செல்லத்தாயும் கத்தவில்லை. "பால்பல்லுதான் தாயி, விழுந்தா முளைக்கும்" என்று சொல்லி, பல்லைக் கழுவி அவள் கையில் கொடுத்தான் சிவனாண்டி. வீட்டுக்கு வந்து சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்தார்கள். மற்ற பற்கள் ஒவ்வொன்றாக விழுந்து முளைத்தன. அந்த இடம் மட்டும் வழுவழுவென்று அப்படியே கிடந்தது. வடிவம்மாள் அடிக்கடி மகளின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பாள். சிவனாண்டியைக் கேட்டால், "சிலருக்கு மெதுவாத்தான் வரும் தாயி" என்பான். அவன் பொய் சொல்லவில்லை, பாவம், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். செல்லத்தாய் ஒரு பக்கமாகவே மென்று மென்று பன்னிரண்டு வயசை எட்டிவிட்டாள்.

இப்போது அவளுடைய தம்பி வன்னியபெருமாளுக்கு ஏழு வயசு. அதே இடத்தில் அதே பல்லில் சொத்தை. பிள்ளை தாடையைப் பிடித்துக்கொண்டு கிடையாகக் கிடந்தான்.

பால்துரை பிள்ளைகள் அழுதால் தாங்கமாட்டார். "ஏளா, சிவனாண்டிட்ட கூட்டிட்டுப் போ. கண்ண மூடி முழிக்கதுக்குள்ள முடிச்சிருவான்" என்றார்.

"அதான் எனக்குப் பயமாருக்கு" என்றாள் வடிவம்மாள்.

இருந்தாலும் அவனையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பிள்ளையோடு போனாள். "அண்ணாச்சி, இது விழுந்து முளைக்கிற பல்லா, நெலச்ச பல்லா?"

சிவனாண்டி சிரித்தான். "சின்னப்பிள்ளை வாயில நெலச்ச பல்லு எங்க இருக்கு தாயி? எல்லாம் பால்பல்லுதான்."

அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். ஏழு வயசுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் போவதை மார்க்கெட்டே வேடிக்கை பார்த்தது.

மிச்சம் இருந்தது கிளாட்வின் டாக்டர். ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது காடு மலையெல்லாம் நடந்து ஊர் வந்து சேர்ந்தவர். அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத்தான் பல் பார்த்துக்கொண்டிருந்தாராம். இங்கே ஒரு மாடி அறையில் போர்டு மாட்டியிருந்தார். கூட்டம் இல்லை. காரணம், தோணிக்காரர் ஒருவர் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போனபோது, "இன்னும் பத்து வருசம் உழைக்கும், வச்சுக்கிடுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவருக்குப் பிடுங்கத் தெரியாது என்று அன்றைக்கே ஊர் முடிவு கட்டிவிட்டது. பிடுங்கத் தெரியாதவன் என்ன பல் டாக்டர்? வடிவம்மாளுக்கு மட்டும் அந்த ஏச்சு வேறு மாதிரி காதில் விழுந்தது. புருஷனையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் கிளப்பிக்கொண்டு அங்கே போனாள்.

கிளாட்வின் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. பையனைப் பார்த்து, "உனக்கு வயசு என்ன?" என்று கேட்டார். அப்புறம் எந்தப் பல் முதலில் விழுந்தது, எது இப்போது ஆடுகிறது என்று கேட்டார். சிவனாண்டி வயசைக் கேட்டதே இல்லை என்பது வடிவம்மாளுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "இது பால்பல் இல்லம்மா. ஆறு வயசுல பால்பல்லுக்கெல்லாம் பின்னால தானா முளைச்சு வாரது. எதையும் தள்ளிட்டு வராததால யாருக்கும் தெரியறதில்ல. ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல்லு. போச்சுன்னா போச்சு."

பக்கத்தில் நின்ற செல்லத்தாயைத் திரும்பிப் பார்க்க வடிவம்மாளுக்குத் தைரியம் வரவில்லை.

"இதைக் காப்பாத்தலாமா ஐயா?"

"சொத்தையைக் குடைஞ்சு எடுத்துட்டு அடைக்கலாம். வலிக்கும். மரத்துப்போற ஊசி மருந்து யுத்தத்தால வரத்து இல்ல. பிடுங்குறதுன்னா ஒரு நொடி. இது அரைமணி ஆகும். நீங்கதான் சொல்லணும்."

பால்துரை மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "வேண்டாம்ளா. பச்சப்பிள்ளை. போவோம்."

வலிக்காமல் பல் போக ஒரு வழி, வலித்துப் பல் நிலைக்க ஒரு வழி. பிள்ளைக்காக இரண்டில் ஒன்றை அவள் சொல்லியாக வேண்டும். "அடைங்க ஐயா" என்றாள்.

தையல் மிஷினைப் போலக் காலால் மிதித்துச் சொத்தையைக் குடைகிற யந்திரம் அது. சத்தம் கேட்டதுமே பையன் துள்ளினான். வடிவம்மாள் அவன் தலையை மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் டாக்டரின் விரலைக் கடித்தான், காலால் உதைத்தான், "நீ எனக்கு அம்மையே இல்ல" என்று அலறினான். பால்துரை மாடிப்படியில் போய் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டார். கிளாட்வின் கோபப்படவில்லை. நடுநடுவே நிறுத்தி, துப்பச் சொல்லி, அவன் மூச்சு வாங்கிய பிறகே மறுபடி மிதித்தார்.

முடிந்ததும் வடிவம்மாள் தயங்கித் தயங்கி மூத்தவளை முன்னால் தள்ளினாள். "இவளுக்கு அஞ்சு வருசமா முளைக்கல. சிலருக்கு மெதுவா வருமாமே ஐயா?"

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "இனி வராதும்மா. பின்னால உள்ள பல்லு நகர்ந்து பாதி இடத்தை அடைச்சிரும். வளர்ற தாடைதானே. ஆறு மாசத்துக்கு ஒருக்க ரெண்டு பேரையும் கொண்டுவந்து காட்டுங்க."

தெருவில் இறங்கியபின் வன்னியபெருமாள் அம்மாவின் கையைப் பிடிக்கவில்லை. அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு விம்மிக்கொண்டே நடந்தான். செல்லத்தாய் அவன் பக்கத்தில் போனாள்.

"ஏலே, பிடுங்குனப்ப எனக்குக் கொஞ்சங்கூட வலிக்கல தெரியுமா? சிரிச்சிக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். நாங்கூட உன்ன மாதிரி அழுதிருக்கலாம்."

அவள் யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. தம்பியைத் தேற்றத்தான் சொன்னாள். ஆனால் வடிவம்மாளுக்கு அதற்குமேல் நடக்க முடியவில்லை. போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று அழுதாள். மார்க்கெட்டையே நடுங்க வைக்கிற அம்மா அழுது வன்னியபெருமாள் பார்த்ததே இல்லை. பயந்துபோய் ஓடிவந்து அவள் சேலையைப் பிடித்தான். மறு கை இன்னும் தாடையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

"இப்ப வலிக்கலம்மா" என்று பொய் சொன்னான்.