இறுக்கி அக்கா தைத்த இறகு கவுன்

அந்தக் குடியிருப்பில் பண்டிகை நெருங்குகிறது என்பதை யாரும் நாள்காட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கீழ்த்தளத்து ஓர அறையில் தையல்காரி அக்கா பிள்ளைகளைப் பெற்றவர்களோடு சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டாள் என்றால் பண்டிகை வந்துவிட்டது என்று அர்த்தம். 'கையைக் கொஞ்சம் லூசா வைங்க', 'கீழே நல்லா விரிஞ்சு நிக்கட்டும்' என்று எவளாவது ஒருத்தி வாயைத் திறந்தால் தீர்ந்தது கதை. அக்கா மிஷினை நிறுத்துவாள். கண்ணாடியைக் கழற்றுவாள். வலது கைச் சட்டையை மேலே சுருட்டி, முழங்கைக்குக் கீழே சுருங்கிக் கிடக்கும் பழைய தீக்காயத்தை எதிராளியின் மூக்குக்கு நேரே நீட்டுவாள்.

"சின்ன வயசுல லூஸ் கை போட்டுக்கிட்டுப் போய் மெழுகுவத்தி ஏத்தினேன். இதைப் பாத்துட்டுச் சொல்லு. லூசா வேணுமா, இறுக்கமா வேணுமா?"

அதற்கு மேல் யார் பேசுவார்கள்? இறுக்கமாகவே தைத்து வாங்கிக்கொண்டு போவார்கள். பண்டிகை மாலைகளில் முற்றத்துக் குட்டைச்சுவர் முழுக்க மெழுகுவர்த்தி வரிசை எரியும். பிள்ளைகள் அதை ஒட்டியேதான் ஓடும், விழும், உருளும். ஆனாலும் இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையின் துணியிலும் பொறி பட்டதில்லை. அந்தப் பெருமை அக்காவுக்கு. கூடவே 'இறுக்கி அக்கா' என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. முகத்தைச் சுளித்தாலும் அவளுக்கு உள்ளுக்குள் அதில் ஒரு சந்தோஷம்தான். பண்டிகைக்கு முன்னால் குடியிருப்புச் செயலாளர் முற்றத்தில் கூட்டும் பாதுகாப்புக் கூட்டத்தில், தண்ணீர் வாளியைப் பற்றியும் மத்தாப்பைப் பற்றியும் அவர் பேசுவார். துணிமணியைப் பற்றிப் பேச மைக் இறுக்கி அக்காவின் கைக்கு வரும். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஏதோ பதவியேற்பு மாதிரி இருக்கும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் மேல்மாடிக்கு ஒருத்தி குடிவந்தாள். அவளும் தையல்காரி. ஏற்கெனவே ஒரு தையல்காரி இருக்கிற கட்டடத்துக்கு இன்னொரு தையல்காரி குடிவருவாளா? உலகத்தில் வேறு வீடே கிடைக்கவில்லையா? இறுக்கி அக்கா வாய்விட்டு யாரிடமும் கேட்கவில்லை. பஸ் ஓட்டிவிட்டுக் களைத்து வந்த புருஷனிடம் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவளும் பொழைக்க வேணாமா?" என்றார் அவர்.

"பொழைக்கட்டுமே. என் தலைக்கு மேலயா உக்காந்து பொழைக்கணும்?"

சொல்லப்போனால் அது அப்படியே உண்மை. அவளுடைய மிஷின் ஓடும் சத்தம் அக்காவின் அறைக் கூரையில் தடதடவென்று கேட்டது. வந்தவள் சின்ன வயது. சிரித்த முகம். பெண்பிள்ளைகளின் கவுனில் வண்ண வண்ண ரிப்பன் வைத்துத் தைத்தாள். போட்டுக்கொண்டு சுற்றினால் பிள்ளை பறப்பது போலவே இருந்ததாம். பிள்ளைகள் அவளை ரிப்பன் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பண்டிகைத் துணிகள் ஒவ்வொன்றாகக் கீழ்த்தளத்தைத் தாண்டி மாடிப்படி ஏறின. ஏறும்போது எதிர்ப்பட்டால், "சும்மா மொட்டை மாடிக்குப் போறேன்க்கா" என்று பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தவர்களும் உண்டு. இறுக்கி அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

கூட்டத்தன்று அது கொழுந்துவிட்டே எரிந்தது. செயலாளர் வழக்கம்போல் வாளியில் தொடங்கி மத்தாப்பில் முடித்தார். அக்கா கொண்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "இந்த வருஷம் ஒரு மாறுதலுக்கு, துணியைப் பத்தி நம்ம ரிப்பன் அக்கா பேசுவாங்க" என்றார் அந்த மனுஷர். எழுந்தவள் என்ன செய்வாள்? பின்னால் நாற்காலி சரியில்லாதது போல அதைத் தட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

ரிப்பன் என்ன பேசினாள் தெரியுமா? பருத்தி நல்லது, நெட் துணி வேண்டாம், கை தொங்கக் கூடாது, பாவாடை தரையைக் கூட்டக் கூடாது. வரிக்கு வரி இறுக்கி அக்கா இத்தனை வருஷம் தொண்டை வறளக் கத்தியது. இவள் அதையே சிரித்துக்கொண்டு சொன்னாள். அக்கா சொன்னபோது கொட்டாவி விட்ட அதே ஜனங்கள் கை தட்டினார்கள். "நான் புதுசா எதுவும் சொல்லலைங்க, கீழ்வீட்டு அக்கா சொல்றதுதான்" என்று அவள் முடித்தது வேறு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியது. திருடினவள் திருடினேன் என்று சொல்லிவிட்டால் அவளைத் திட்டவும் முடியாதே.

இவ்வளவையும் அக்கா தாங்கியிருப்பாள். தாங்க முடியாமல் போனது தம்பி மகளால். எதிர் வீட்டில் தம்பி குடும்பம். ஒரே பெண், ஒன்றாம் வகுப்பு, வீட்டில் வாலு என்று பெயர். பிறந்த நாளிலிருந்து அவளுக்கு அத்தை தைத்த துணியைத் தவிர வேறு துணி உடம்பில் பட்டதில்லை. அந்த வாலு கூட்டம் முடிந்த கையோடு வந்து மிஷின் பலகையில் மோவாயை வைத்துக்கொண்டு கேட்டது.

"அத்தை, எனக்கு இந்தத் தடவை ரிப்பன் அக்காகிட்ட தைக்கலாமா? நீ தைச்சா கை தூக்க முடியல."

பின்னால் நின்ற தம்பி பெண்டாட்டி, "சும்மா இரு. கோச்சுக்காதீங்க அண்ணி, பிள்ளை ஆசைப்படுது" என்றாள். அதட்டுகிறாளா, சிபாரிசு செய்கிறாளா என்று தெரியவில்லை.

அந்நியர் போனால் போகட்டும். சொந்த ரத்தமும் மாடிப்படி ஏறுவதா? அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அவ என்னத்தடி தைப்பா? நான் தைக்கிறேன் பாரு உனக்கு. அவ கண்ணு பிதுங்கணும்."

தைத்தாள். வீம்புக்கு என்றால் வீம்புக்குத் தைத்தாள். கடைக்குப் போய், தானே மற்றவர்களிடம் வாங்காதே வாங்காதே என்று அடித்துக்கொள்ளும் வெள்ளை நெட் துணியைச் சுருள் சுருளாக வாங்கிவந்தாள். அடுக்கடுக்காகச் சுருக்கு வைத்தாள். கீழே தரை தொட்டது. கை இரண்டும் தோளிலிருந்து இறங்கிப் பறவையின் இறகு மாதிரி விரிந்து தொங்கின. தைக்கும்போது ஒருமுறை அவள் கை நின்றது, பொய் சொல்லக் கூடாது. மெழுகுவர்த்தி நினைவு வந்தது. 'நான் பிள்ளை கையை விட்டாத்தானே? கூடவே நின்னுக்கிறேன்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மறுபடி மிதித்தாள். வேறு யாராவது இந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவளே காறித் துப்பியிருப்பாள்.

புருஷன் சாப்பாட்டுத் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தார். "என்னது, கட்டிலுக்குக் கொசுவலையா?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. போய்ச் சாப்பிடுங்க."

பண்டிகையின் முதல் நாள் மாலை. முற்றமெங்கும் விளக்குச் சரம், ஒலிபெருக்கியில் பாட்டு, குட்டைச்சுவரில் மெழுகுவர்த்தி வரிசை. மூலைக்கு ஒரு தண்ணீர் வாளி. வாலு இறகு கவுனில் இறங்கி வந்ததும் பேச்சு நின்றது. "யாரு தைச்சது?" "நம்ம இறுக்கி அக்காவா? நம்பவே முடியலையே." "ரிப்பன் எல்லாம் இதுக்குப் பக்கத்துல நிக்க முடியுமா?" கடைசியாகச் சொன்னவளை அக்கா கட்டிக்கொள்ளாத குறைதான். பிள்ளையின் கையை இறுகப் பிடித்தபடிதான் நின்றாள். ஆனால் பெண்கள் சூழ்ந்துகொண்டு, சுருக்கு எப்படி வைத்தீர்கள், துணி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால் கையை ஆட்டிக் காட்டாமல் எப்படிச் சொல்வது? இறகு எப்படி இறங்க வேண்டும் என்று இரண்டு கையாலும் காற்றில் வரைந்து காட்டினாள். வாலு நழுவிப் போனது.

அப்போதுதான் ரிப்பன் தைத்த கவுன் போட்ட பெண் ஒன்று அக்கா மேல் மோதிக்கொண்டு ஓடியது. அக்காவின் கை தன்னால் அந்தத் துணியைத் தொட்டது. பருத்தி. கணுக்காலுக்கு மேலேயே நின்ற பாவாடை. மணிக்கட்டில் எலாஸ்டிக். ரிப்பனின் ஓரம் முழுக்கத் துணியோடு படியத் தைத்திருந்தது. ஓடும்போது பறக்கிற மாதிரி இருந்ததே தவிர, பிடித்துப் பார்த்தால் எதுவுமே பறக்கவில்லை. அப்படியானால் இந்த முற்றத்தில் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வரக் கூடாத துணி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

அக்கா பிள்ளையைத் தேடித் திரும்பிப் பார்த்தாள். வாலு சுவரோரம் நின்று, அணைந்துபோன ஒரு மெழுகுவர்த்தியைப் பக்கத்து மெழுகுவர்த்தியில் பற்ற வைக்க எட்டிக்கொண்டிருந்தது. இறகுக் கை மெழுகுவர்த்தி வரிசையின் மேல் மெல்ல இறங்கியது. அக்கா கத்தினாள். பாட்டுச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. முன்னால் நின்ற பெண்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். கால் ஓடுகிறது, தூரம் குறைய மாட்டேன் என்கிறது. நெட் நுனியில் சட்டென்று மஞ்சள் ஏறியது.

சுவரோரம் நின்ற ரிப்பன் கத்தவில்லை. பிள்ளையை ஒரு கையால் பின்னுக்கு இழுத்து, எரிகிற இறகை மறுகையால் அப்படியே பொத்திப் பிடித்தாள். பிடித்த பிடியோடு தண்ணீர் வாளிக்குள் முக்கினாள். பிறகு நல்ல கையால் இடுப்பிலிருந்து கத்தரியை எடுத்து இறகைத் தோளோடு நறுக்கென்று வெட்டினாள்.

"என்னாச்சு?" என்றது வாலு.

"ஒண்ணுமில்ல தங்கம். மெழுகு சிந்திடுச்சு."

வெட்டியதை மட்டும் எல்லாரும் பார்த்தார்கள். வெட்டுவதற்கு முன்னால் நடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. இறகு போன கவுனைக் கண்டதும் வாலு ஓவென்று அழத் தொடங்கியது. தம்பி பெண்டாட்டி பாய்ந்து வந்தாள்.

"ஏம்மா, உனக்குப் பைத்தியமா? எங்க அண்ணி தைச்சதை நாலு பேர் நல்லா இருக்குன்னு சொன்னது உனக்குப் பொறுக்கலையா? இவ்வளவு வயித்தெரிச்சலா?"

"அதானே" என்றது ஒரு குரல். "சிரிச்சுச் சிரிச்சுப் பேசினப்பவே நினைச்சேன்" என்றது இன்னொன்று.

ரிப்பன் வாளிக்குள் கையை விட்டபடி குனிந்திருந்தாள். மூச்சிரைக்க வந்து நின்ற இறுக்கி அக்காவை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். எத்தனை நாளாக அக்கா ஏங்கிய காட்சி இது! அவள் குனிந்து நிற்கிறாள், ஊர் அவளை ஏசுகிறது, பாராட்டெல்லாம் அக்காவுக்கு. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், நாளைக்கே மாடிப்படியில் ஆள் நடமாட்டம் இருக்காது. இல்லை, அக்கா உடனே பேசிவிடவில்லை. ஒரு நிமிஷம் அந்தக் காட்சியைக் கண்ணாரப் பார்த்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு வாளிக்குள் கையை விட்டு ரிப்பனின் கையை வெளியே இழுத்தாள். உள்ளங்கை முழுக்க உருகிய நெட் ஒட்டியிருந்தது. அதைச் சுற்றித் தோல் வெளுத்துக் கொப்புளம் எழும்பியிருந்தது.

"வயித்தெரிச்சல் எனக்குத்தான்" என்றாள். "இவளுக்கு மேல தைச்சுக் காட்டணும்னு நெட்டுல தைச்சேன். அது பத்திக்கிச்சு. இவ பிடிச்சு அணைச்சா. இவ இல்லைன்னா பிள்ளை இல்ல."

தம்பி பெண்டாட்டி வாலுவை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அண்ணியின் முகத்தை அவள் பார்க்கவில்லை. செயலாளர் ஓடிப்போய்ப் பாட்டை நிறுத்தினார்.

கை ஆற நாளாகும், ஊசி பிடிக்கக் கூடாது என்றார் மருத்துவர். பண்டிகையின் கடைசி நாளுக்கான துணிகள் மாடியில் வெட்டி வைத்தபடி குவிந்து கிடந்தன. மறுநாள் காலை இறுக்கி அக்கா, யாரும் கூப்பிடாமலே மாடிப்படி ஏறினாள். போய் ரிப்பனின் மிஷினில் உட்கார்ந்தாள்.

"எப்படித் தைக்கணும்னு சொல்லு."

"உங்களுக்கு நான் சொல்லணுமாக்கா?"

"சொல்லுடின்னா."

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள். ரிப்பனை இழுத்துப் பிடிக்காதீங்க, தளர விட்டு, ஓரத்தை மட்டும் படிய வைங்க என்றாள். இரண்டு முறை பிரித்துத் தைக்கச் சொன்னாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்தாள். அது நல்ல வேலை என்பது தைக்கத் தைக்கப் புரிந்தது. புரியப் புரிய, இது நமக்குத் தோன்றாமல் போனதே என்று வயிறு மறுபடி எரிந்தது. திறமைக்காரியாக இருப்பது போதாதென்று நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே!

மாலையில் முதல் கவுனை வாங்க ஒருத்தி வந்து வாசலிலேயே நின்றாள்; உள்ளே மிஷினில் இருந்த அக்காவை அவள் கவனிக்கவில்லை. முந்தின மாலை முற்றத்தில் 'அதானே' என்றவள்தான். கவுனை விரித்துப் பார்த்து, தடவிப் பார்த்து, கண்ணை விரித்தாள்.

"கையில காயத்தோட இப்படித் தைச்சிருக்கியே. ரிப்பன் கை ரிப்பன் கைதான். வேற யாருக்கு இது வரும்?"

"அய்யோ, இதைத் தைச்சது..." என்று ரிப்பன் வாயைத் திறந்தாள்.

இறுக்கி அக்கா ஊசிக்கடியில் துணியே இல்லாத மிஷினைத் தடதடவென்று மிதிக்கத் தொடங்கினாள். வந்தவள் மாடிப்படி இறங்கிப் போகும்வரை மிதித்துக்கொண்டே இருந்தாள்.