தறிச் சத்தத்தில் வந்த விசுவாசம்

செவ்வாய், காலை ஐந்து நாற்பது: சேலத்தில், மருத்துவமனையில், என் மனைவி பாவாயி இறந்தாள். பதினொரு மணி: உடலைப் பள்ளிபாளையம் கொண்டுவந்தோம். மாலை நான்கு: அடக்கம். சபை ஆயர் ஜெபித்தார்.

வெள்ளிக்கிழமை அவளுடைய அலமாரியைத் திறந்தேன். கட்டாத புதுச் சேலையிலிருந்து கஞ்சி மணம் எழுந்தது. தறிப்பட்டறை வேலை முடிந்த கையோடு, அதே மணத்துடன்தான் அவள் ஞானஸ்நான வகுப்பில் முதன்முதலாக என் முன் வந்து நின்றாள். இறையியல் பட்டம் பெற்று நான் ஊழியத்துக்கு வந்த முதல் ஆண்டு அது. என் அறிவின்மேல் எனக்கிருந்த விசுவாசத்துக்கு, நண்பரே, எவரும் தேர்வு வைத்ததில்லை.

எங்கள் சபையில் அப்போது ஒரு வழக்கம். ஞானஸ்நானம் கேட்பவர் வினாவிடையைப் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். தவறினால் அடுத்த ஈஸ்டர்வரை காத்திருக்க வேண்டும். இரட்சிக்கும் விசுவாசம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். அது தேவன் இலவசமாகத் தரும் ஈவு, அவருடைய வசனத்தைக் கேட்பதால் பிறப்பது என்பது விடை.

“தெரியலீங்க சார்.”

“வசனத்தக் கேக்கறதால வருதுன்னு சொல்லும்மா.”

“தறிச் சத்தத்துல பக்கத்துல நிக்கறவ பேசறதே கேக்காதுங்க. ஆனா வந்துருச்சுங்களே, நான் என்னங்க பண்றது?”

வகுப்பே சிரித்தது. நான் அவளை அடுத்த ஈஸ்டர்வரை நிறுத்திவைத்தேன்.

மணமான பிறகும், “என்னையப் பெயிலாக்குன வாத்தியாருங்க இவரு” என்றுதான் விருந்தாளிகளிடம் என்னைக் காட்டுவாள். நானும் சிரிப்பேன். பிறகு சங்ககிரியிலும் ஆத்தூரிலும் நாற்பது ஆண்டுகள் விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கித்தேன்.

கடைசி ஞாயிறன்று ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு கேட்டாள்: “ஏனுங்க, உங்களுக்கு எங்கிருந்துங்க வந்துச்சு?”

“தேவனுடைய ஈவு,” என்றேன்.

“அது பாடமுங்க. உங்களுக்கு வந்துச்சான்னு கேக்கறேன்.”

உள்ளே தேடினேன். விளக்கங்கள் இருந்தன.

“செரி உடுங்க. நான் போய்க் கேட்டுப் பாக்கறேன்.”

ஈவை எவரும் முயன்று அடைய முடியாது என்று கற்பித்தவன் நான். அதனால் இன்று அதைத் தேடிப் போகவும் எனக்கு வழி தெரியவில்லை. இத்தனை காலம் என் விசுவாசம் என்று நான் எண்ணியிருந்தது, விடியலில் அடுத்த அறையில் அவள் ஜெபிக்கும் குரல்தான் போலிருக்கிறது. அந்த அறையில் இப்போது சத்தமில்லை. வினாவிடை வழக்கமும் சபையில் எப்போதோ போய்விட்டது. யாரும் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

இன்னும் செய்யாதவை:

ஆயருக்கு நன்றிக் கடிதம்.

கல்லறைக் கல்லுக்கு ஒரு வசனம். கல் கொத்துபவர் இருமுறை கேட்டுவிட்டார்.

வரும் ஞாயிறு பிரசங்கிக்க இயலாது என்று சபைக்குத் தெரிவிப்பது.

ஜெபம்.