பாசம் பிடிச்ச தொட்டி

நான் மீன் கடை வெச்சிருக்கேன். திங்கற மீன் இல்ல, பாக்கற மீன். அதுலயும் கடல் மீன். உப்புத் தண்ணித் தொட்டி வாங்கிட்டுப் போறவங்க எல்லாரும் மறு மாசமே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு வருவாங்க, தண்ணி கெட்டுப்போச்சு, உன் மீன் சரியில்ல, உன் உப்பு சரியில்லன்னு. சொன்னத ஒண்ணுகூடச் செஞ்சிருக்க மாட்டாங்க. எனக்குச் சுருக்குனு கோபம் வரும். ஆனா கண்ணாடியம்மா கதை தலைகீழ். அவங்க நான் சொன்னத எல்லாம் செஞ்சாங்க. அதுக்கு மேலயும் செஞ்சாங்க. அதுதான் வினை.

கண்ணாடியம்மான்னு நான் வெச்ச பேரு. ரெண்டு தெரு தள்ளி ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில, பின் ரூம்ல உக்காந்து லென்ஸ் தேய்க்கறவங்க. ஒரு பொட்டு தூசி, ஒரு விரல் ரேகை இருந்தாலும் அந்த லென்ஸ் அவங்க கைய விட்டு வெளிய போகாது. என் கடைக்கு முதல் தடவை வந்தப்பவே, பேசிக்கிட்டு இருக்கும்போதே என் மூக்குல இருந்த கண்ணாடியக் கழட்டித் துடைச்சு மாட்டிவிட்டாங்க. பொண்டாட்டி கூட எனக்கு அப்படிச் செஞ்சதில்ல.

தொட்டி அவங்க வாங்கினது இல்ல, தம்பி வாங்கினது. அப்பா அம்மா சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டாங்களாம். தம்பிய வளர்த்து ஆளாக்கினது இந்த அக்காதான். கல்யாணம் காட்சின்னு தனக்கு ஒண்ணும் பண்ணிக்கல. அந்தப் பையன் ஆசை ஆசையா என்கிட்ட வந்து தொட்டி, கல்லு, ஆரஞ்சுல வெள்ளைக் கோடு போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடின்னு எல்லாம் வாங்கி வெச்சான். வெச்ச கையோட வெளிநாட்டுல வேலை கிடைச்சுது, கிளம்பிட்டான். "லீவுக்கு வர்ற வரைக்கும் பாத்துக்கோ அக்கா"ன்னு சொல்லிட்டுப் போனானாம். அந்த அம்மாவுக்கு அது ஒண்ணுதான் குறி. தம்பி வர்றப்போ மீன் ரெண்டும் உசுரோட இருக்கணும், தொட்டி அவன் விட்டுட்டுப் போனதவிடப் பளிச்சுன்னு இருக்கணும்.

சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு சின்ன பாட்டில்ல தொட்டித் தண்ணி எடுத்துட்டு வருவாங்க. நான் அதுல சொட்டு மருந்து விட்டு, என்ன நிறம் மாறுதுன்னு பாத்துச் சொல்வேன். முதல் தடவை கல்லு மேல காப்பித்தூள் கொட்டின மாதிரி இருக்குன்னு பதறிப்போய் வந்தாங்க. புதுத் தொட்டின்னா அது வரும்மா, தானா வந்து தானா போயிடும்னு சொன்னேன். நாங்க அதப் பாசின்னு சொல்வோம். அவங்க பாசம்னு சொல்வாங்க. பாத்ரூம்ல வழுக்குமே, அந்தப் பாசம். தம்பியும் அப்படித்தான் சொல்வானாம். பாசம் ஜாஸ்தியானா வழுக்கி விழ வேண்டியதுதான்மான்னு நான் கிண்டல் பண்ணினேன். அவங்க சிரிக்கல. என் கண்ணாடியத் துடைச்சுக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க.

காப்பித்தூள் போய்ப் பச்சை வந்துது, முடி முடியா. அதவிட மோசம், தண்ணியில அம்மோனியா. மீன் கழிவுல இருந்து வர்ற விஷம் அது. தொட்டி வெச்ச புதுசுல இருந்தா பரவாயில்ல, போகப் போகக் குறையணும். இங்க வாரா வாரம் ஏறுது. நானும் மண்டைய உடைச்சுக்கிட்டேன். தீனி அதிகமான்னு கேட்டேன், சிட்டிகைதான்னாங்க. ஜன்னல் வெளிச்சம் படுதான்னேன், திரை தெச்சுப் போட்டுட்டாங்க. குழாத் தண்ணி வேண்டாம், சுத்திகரிச்ச தண்ணியில உப்பக் கலக்குங்கன்னேன், அதுவும் ஆச்சு. வத்தின அளவுக்கு உப்புக் கலக்காத நல்ல தண்ணிதான் ஊத்தணும், உப்பு ஆவியாகாதுன்னு கூடச் சரியாச் சொன்னாங்க. பரீட்சை வெச்சா நூத்துக்கு நூறு. தொட்டி மட்டும் ஃபெயில்.

ஒரு நாள் கடைக்குப் போன் வந்துது. மீன் ரெண்டும் மேல வந்து வாயப் பொளக்குதாம். அந்தக் குரலக் கேட்டதும் பெரிய கேன்ல உப்புத் தண்ணி எடுத்துக்கிட்டு ஓடினேன்.

வீடுன்னா அப்படி ஒரு வீடு. தரையில சோத்தக் கொட்டிச் சாப்பிடலாம். ஒரு நாற்காலி மேஜைக்கு உள்ள தள்ளியே கிடக்குது, இன்னொண்ணுல மட்டும் தேய்ஞ்ச தலையணை. தண்ணிய மாத்திட்டு நிமிர்ந்து பாக்கறேன், ஜன்னல் ஓரத்துக் கொடியில ஃபில்டர் ஸ்பாஞ்சு க்ளிப் போட்டுத் தொங்குது. தும்பைப் பூ மாதிரி வெள்ளை. கீழ ஒரு துண்டு விரிச்சு, அது மேல தொட்டிக் கல்லெல்லாம் வரிசையா காயுது.

அட என் தாயேன்னு தலையில கை வெச்சுட்டேன். வாரா வாரம் கல்லையும் ஸ்பாஞ்சையும் வெளிய எடுத்து, வெந்நீர்ல ஊறப் போட்டு, பிரஷ்ல தேய்ச்சு, வெயில்ல காய வெச்சிருக்காங்க. கேட்டா, அழுக்கா இருந்துச்சு அண்ணேங்கறாங்க. அந்த அழுக்குலதான் நல்ல கிருமி குடியிருக்கு, மீன் போடற விஷத்தை அதுதான் திங்குது, ஒவ்வொரு வாரமும் நீங்க அதக் குடும்பத்தோட கொன்னுட்டு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கறீங்கன்னு நான் கத்தினேன். வாய்க்கு வந்தபடி கத்தினேன்னுதான் சொல்லணும். அவங்க சேலை முந்தானையப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. என் கடைத் தொட்டியில கிடந்த பழைய ஸ்பாஞ்சு ஒண்ணு, சாக்கடையில எடுத்த மாதிரி இருக்கும், நல்ல கிருமி குடியேறட்டும்னு கடைக்கு ஓடி அதக் கொண்டு வந்து ஃபில்டர்ல வெச்சேன். அவங்க முகம் போன போக்கப் பாக்கணுமே.

இனிமே கைய வெக்கக் கூடாதுன்னு கண்டிச்சுச் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமா தண்ணி மாத்தலாம். நத்தை நாலஞ்சு தர்றேன், விடலாம். முன் கண்ணாடிய வேணும்னா துடைச்சுக்கலாம். பின் கண்ணாடியில வர்ற பாசம் அப்படியே கிடக்கட்டும், நத்தைக்கு அதுதான் சாப்பாடு, தண்ணிக்கும் நல்லது. மத்தபடி சும்மா இருங்க.

அவங்க தொட்டியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"சும்மா இருக்கணும்னா, சாயங்காலம் வேலையிலேர்ந்து வந்து நான் என்ன பண்றது அண்ணே?"

அவ்வளவு நேரம் கத்தினவன், கேனத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். வழியிலதான் எனக்கு உறைச்சுது. அந்தக் கல்லத் தேய்க்கற வேலைதான் அவங்களுக்கு வீட்ல இருந்த பேச்சுத் துணை. அதையும் நான் பிடுங்கிட்டேன்.

ஆனா சொன்ன சொல் மாறாத மனுஷி. கைய வெக்கல. நாற்காலியத் தொட்டி முன்னாடி போட்டு உக்காந்துடுவாங்களாம். பெரிய மீன் சின்னத அதட்டுது, சின்னது தூங்கறப்போ சாய்ஞ்சுக்குதுன்னு சனிக்கிழமை வந்து ஒப்பிப்பாங்க. தம்பி போன் பண்ணினா அக்கா சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை, அடுத்த வார்த்தை தொட்டிதான். பாசம் குறைஞ்சுதான்னு கேப்பானாம். அதச் சொல்றப்போ அவங்க முகத்துல ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, எனக்கே பொறாமையா இருக்கும். அவன் வர்ற மாசம் நெருங்க நெருங்க, அம்மோனியா இறங்கிக்கிட்டே வந்துது. பச்சை முடியும் உதிர ஆரம்பிச்சுது.

அப்புறம் ஒரு நாள் பாட்டில் இல்லாம வந்து நின்னாங்க. தம்பி வரலையாம். அங்கயே கூட வேலை பாக்கற பொண்ணாம், வீடும் பாத்தாச்சாம், கல்யாணம் சிம்பிளா அங்கயே முடிச்சுக்கறாங்களாம். நல்ல பொண்ணுதான் அண்ணேன்னாங்க, நான் கேக்காமலே. தொட்டி உனக்கு எதுக்குச் சிரமம், கடைக்கே திருப்பிக் கொடுத்துடுன்னு சொல்லிட்டானாம். எனக்கு அவன் மேல கோபம் பொத்துக்கிட்டு வந்துது. இவங்க முன்னாடி என்னத்தச் சொல்ல? கொண்டு வாங்கம்மா, எடுத்துக்கறேன்னுட்டேன்.

சனிக்கிழமை மீனுக்காக ஒரு பாத்திரத்துல தண்ணி ரெடி பண்ணி மேஜை மேல வெச்சிருந்தேன். அவங்க வந்தாங்க. கையில மீன் இல்ல, அதே சின்ன பாட்டில். நான் வாங்கிச் சொட்டு விட்டேன். நிறம் மாறவே இல்ல. தண்ணி சுத்தம். முதல் தடவையா சுத்தம். சொன்னேன். தலைய ஆட்டினாங்க, அவ்வளவுதான்.

அப்புறம் தன் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாங்க. தம்பிகிட்ட இருந்து மெசேஜ். "பாசம் எல்லாம் போயிடுச்சா அக்கா? போயிடுச்சுன்னா கடைக்காரர் உடனே எடுத்துப்பாரு."

அத நான் படிச்சு முடிக்கற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தாங்க. பொறவு போனைத் தன் பக்கம் திருப்பி, அங்கயே நின்னு, ஒரு எழுத்து ஒரு எழுத்தாத் தட்டினாங்க. அனுப்பறதுக்கு முன்னாடி எனக்குப் படிச்சுக் காட்டினாங்க.

"முன்னாடி இல்ல. பின்னாடி இருக்கு. அத நான் சுரண்டல."

அனுப்பிட்டு என் கண்ணாடியக் கழட்டினாங்க. இந்தத் தடவை துடைக்க ரொம்ப நேரம் ஆச்சு. நான் அந்தப் பாத்திரத்த மேஜைக்குக் கீழ தள்ளிட்டேன்.